கேட்காமலே முதலீட்டாளர் ஆனவர்கள்

ஊவாத் தோட்டங்களின் சேமிப்பு எங்கே கிடக்கிறது? அதன் விலை என்ன, மதிப்பு என்ன?

மாதத்தின் பத்தாம் திகதி வந்தால் பசறை டவுனில் கால் வைக்க இடம் இருக்காது. மடுல்சீமையிலிருந்தும் லுணுகலையிலிருந்தும் வரும் பஸ்கள் காலையிலேயே சனத்தை இறக்கிவிட்டுப் போய்விடும். வங்கியின் பண இயந்திரத்துக்கு முன்னால் ஒரு வரிசை, அடகுப் பிரிவின் கண்ணாடிக்கு முன்னால் இன்னொரு வரிசை. இரண்டாவது வரிசையில் நிற்கும் பெண்ணின் கையில் சங்கிலியை அடகு வைத்த துண்டுச்சீட்டு, அதற்குள் வட்டிக்கு மட்டும் எண்ணி மடித்த நோட்டு. பக்கத்துத் தேநீர்க்கடையில் கொழும்பில் வேலை பார்க்கும் பொடியன் ஒருவன் கைபேசியில் பச்சையும் சிவப்புமாக ஓடும் எண்களைக் காட்டுகிறான். "அண்ணே, இது தோட்டக் கம்பெனிப் பங்கு. முப்பது ரூபாதான். சும்மா கிடைக்குது." பெஞ்சின் மறுமுனையில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் பதுளை பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார். மடியில் பொலித்தீன் உறை. உள்ளே ஊழியர் சேமலாப நிதியின் பி அட்டையும் விண்ணப்பமும். எந்தச் சம்பள நாளிலும் காணக்கூடிய காட்சி இது.

மூன்று பேருடைய பணமும் எங்கோ போட்டுவைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பெண்ணின் பணம் தங்கத்தில், பொடியனின் பணம் பங்கில். பெரியவரின் பணம் அரசாங்கத்தின் கடன் பத்திரங்களில், ஏனென்றால் சேமலாப நிதியின் மிகப் பெரும் பகுதி அங்கேதான் இருக்கிறது. மூவருக்கும் விலை தெரியும். பவுன் இன்று என்ன போகிறது, பங்கு எத்தனை ரூபா, நிதியில் எத்தனை லட்சம் சேர்ந்திருக்கிறது என்று கேட்டால் உடனே சொல்வார்கள். ஆனால் அந்தப் பொருள் வருடா வருடம் எதைச் சம்பாதிக்கிறது, யாரை நம்பி நிற்கிறது, கெட்ட காலம் வந்தால் எவ்வளவு தாங்கும் என்ற கேள்விகளை அவர்களுக்குக் கற்றுத்தர யாரும் வரவில்லை. மதிப்பு முதலீடு என்று உலகம் சொல்லும் முறை இந்தக் கேள்விகளைச் சுற்றி வளர்ந்தது. அதைக் கொழும்புப் பணக்காரர்களின் வித்தை என்று மலையகத்தில் ஒதுக்கி வைத்திருக்கிறோம். அப்படி ஒதுக்கியது தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். ஊவாத் தோட்டத் தொழிலாளி ஒரு பங்கைக்கூட வாங்காவிட்டாலும் ஏற்கெனவே முதலீட்டாளர்தான். அவரை யாரும் கேட்டுவிட்டு முதலீட்டாளர் ஆக்கவில்லை. அதனாலேயே அந்த முறையின் கேள்விகள் முதலில் அவருக்குத் தேவைப்படுகின்றன.

தம்பேதன்னையில் நடந்த கொள்முதல்

மதிப்பு முதலீட்டின் பழைய உதாரணம் ஒன்றுக்கு நாம் நியூயோர்க் வரை போக வேண்டியதில்லை. அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னை வரை ஏறினால் போதும். 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் அடுத்த பதினைந்து ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்களை அழித்தது. தோட்டக்காரர்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஒரியண்டல் வங்கி 1884இல் விழுந்தது. வாங்க ஆளில்லாமல் நிலத்தின் விலை சரிந்து கிடந்த காலம் அது. 1890இல் கிளாஸ்கோ மளிகை வியாபாரி தோமஸ் லிப்டன் வந்து தம்பேதன்னை உட்படப் பல தோட்டங்களை வாங்கினார். எல்லோரும் விற்றுக்கொண்டிருந்தபோது அவர் ஏன் வாங்கினார் என்பதில்தான் பாடம் இருக்கிறது. மலிவு என்பது பாதிக் காரணம்தான். பிரித்தானியாவில் அவருக்கு நூற்றுக்கணக்கான கடைகள் இருந்தன. தோட்டமும் தன்னுடையது, கடையும் தன்னுடையது என்றால் இடைத்தரகரின் இலாபம் தன் கைக்கு வரும் என்று கணக்குப் போட்டார். அதே நிலம் மற்றவர்கள் கையில் சம்பாதிப்பதைவிட அவர் கையில் கூடுதலாகச் சம்பாதிக்கும். விலைக்கும் அந்தச் சம்பாத்தியத்துக்கும் இடையில் இருந்த தூரமே அவருடைய பாதுகாப்பு. அந்தச் சம்பாத்தியத்தை மலையில் நின்று உண்டாக்கியது யார் என்பது இந்த வாசகருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தொழிலாளியின் மலிவான உழைப்பும் அந்தக் கணக்கில் ஒரு வரி. அந்த வரிக்குப் பிறகு வருவோம்.

கொழும்பில் பங்கு வியாபாரம் 1896இல், பங்குத் தரகர் சங்கம் அமைந்ததோடு தொடங்கியது. அன்று கைமாறிய பங்குகள் பெரும்பாலும் தோட்டக் கம்பெனிகளுடையவை. ஆகவே இந்த நாட்டின் பங்குச் சந்தைக்கும் தேயிலை மலைக்கும் உள்ள உறவு பிறப்பிலிருந்தே வருகிறது. அந்த உறவில் மலையில் நின்றவர்களுக்கு மட்டும் கணக்குக் காட்டப்படவில்லை.

▪ பெட்டிச் செய்தி: முறையின் சுருக்கம்
பெஞ்சமின் கிரகாம் 1929இன் அமெரிக்கப் பங்குச் சந்தை வீழ்ச்சியில் அடிபட்டு எழுந்தவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். டேவிட் டொட்டுடன் சேர்ந்து 1934இலும், தனியாக 1949இலும் எழுதிய நூல்கள்தான் இந்த முறைக்கு அடிப்படை. பங்கு என்பது ஒரு தொழிலின் துண்டு, அதை முழுத் தொழிலையும் வாங்குவதுபோல் யோசித்து வாங்க வேண்டும் என்பது அவருடைய முதல் விதி. சந்தை தினமும் ஒரு விலை சொல்லும். அது சந்தையின் அன்றைய மனநிலை, அதற்குக் கட்டுப்பட வேண்டிய கட்டாயம் இல்லை என்பது இரண்டாவது. கணித்த மதிப்புக்கும் கொடுக்கும் விலைக்கும் இடையில் போதிய இடைவெளி விட்டால்தான் கணக்குப் பிழைத்தாலும் பிழைக்கலாம் என்பது மூன்றாவது. அதைப் 'பாதுகாப்பு இடைவெளி' என்பார்கள். ஒரு வருட இலாபத்தை நம்பாதே, ஏழு முதல் பத்து வருடச் சராசரியைப் பார் என்றும் அவர் வற்புறுத்தினார். வொரன் பஃபெட் அவருடைய மாணவர்.

முப்பது ரூபாப் பங்கு மலிவுதானா?

தேநீர்க்கடைப் பொடியனின் பேச்சுக்கு வருவோம். அவன் காட்டியது ஏதோ ஒரு பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். கணக்கறிக்கையில் ஒரு பங்குக்குரிய நிகரச் சொத்து அறுபது ரூபா என்று இருக்கிறது, சந்தையில் முப்பதுக்குக் கிடைக்கிறது. பாதி விலை. கிரகாமை மேலோட்டமாகப் படித்தவர் உடனே வாங்குவார். பெருந்தோட்டப் பங்குகளில் பலரைக் குழியில் தள்ளுவது இந்த அவசரம்தான். அந்த அறுபது ரூபாவுக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் நிலம். 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் 22 பிராந்தியக் கம்பெனிகளிடம் கொடுக்கப்பட்டது. கைமாறியது நிர்வாகமும் பயன்படுத்தும் உரிமையும்தான், நிலம் இன்றும் அரசினுடையது. குத்தகை 53 ஆண்டுகள், 2045இல் முடிகிறது. ஒவ்வொரு கம்பெனியிலும் அரசாங்கத்தின் கையில் ஒரு தங்கப் பங்கு இருக்கிறது, முக்கிய முடிவுகளில் அது குறுக்கே நிற்க முடியும். ஆகவே கம்பெனியை மூடிவிட்டு நிலத்தை விற்றுப் பங்குதாரருக்குப் பணம் கொடுக்கலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது. அடுத்தது மரம். காற்றுத் தடுப்புக்கும் விறகுக்கும் பலகைக்கும் வளர்க்கும் மரங்களைக் கணக்கியல் விதிப்படி ஒவ்வொரு ஆண்டும் சந்தை மதிப்பில் காட்ட வேண்டும். மரம் வளர வளர ஏட்டில் இலாபமும் வளரும். ஒரு கம்பெனி 50 கோடி இலாபம் காட்டுகிறது, அதில் 20 கோடி இப்படி மரத்தால் வந்தது என்றால், அந்த 20 கோடியால் சம்பளம் போட முடியாது, பங்கிலாபமும் கொடுக்க முடியாது. வெட்டுவதற்கு அரச அனுமதி வேண்டும், வெட்டிய இடத்தில் திரும்ப நட வேண்டும். பங்கு பார்ப்பவர் இலாபக் கணக்கைவிடக் காசுப் பாய்ச்சல் கூற்றை முதலில் திருப்ப வேண்டியது இதனால்தான்.

மூன்றாவது, தேயிலையே. இந்த இடத்தில் கொழும்பு ஆய்வாளரைவிடத் தோட்டத்தில் இருப்பவருக்குக் கூடுதலாகத் தெரியும். எந்த மலை நூறு வருடப் பழைய விதைத் தேயிலை, எந்த மலை மீள்நடுகை செய்த புதுத் தேயிலை, கவ்வாத்து ஒழுங்காக நடக்கிறதா, தூர் செத்து வெறுமையான இடங்கள் எத்தனை, உரம் எப்போது போட்டார்கள், ஸ்டோரில் இயந்திரம் ஓடுகிறதா அல்லது கொழுந்தை வேறு தோட்டத்துக்கு லொறியில் ஏற்றுகிறார்களா, எல்லாமே கூடை சுமப்பவருக்கு மனப்பாடம். கணக்கறிக்கையில் இவை ஒரு எண்ணாகச் சுருங்கிவிடும். மீள்நடுகை செய்தால் நல்ல கொழுந்து வர மூன்று நான்கு வருடம் ஆகும், அதன் பிறகு பல பத்தாண்டுகள் பலன் தரும். குத்தகை முடிய இருபது ஆண்டளவே இருக்கும்போது அந்தச் செலவைச் செய்ய எந்தக் கம்பெனிக்கு மனம் வரும்? நீட்டிப்பு பற்றிய முடிவு தள்ளிப்போகப் போக, மலை பழையதாகிக்கொண்டே போகும். பங்கின் மலிவான விலைக்குள் இந்தப் பயமும் அடங்கியிருக்கிறது.

பிறகு, நல்ல வருடம் ஒன்றை நிரந்தரம் என்று நினைக்கும் ஆபத்து. கொழும்பு ஏலத்தில் 2021இல் கிலோவுக்கு 620 ரூபா அளவில் இருந்த சராசரி விலை 2022இல் 1,200 ரூபாவைத் தாண்டியது. உரத்தடையால் நாட்டின் உற்பத்தி கிட்டத்தட்ட 30 கோடி கிலோவிலிருந்து 25 கோடிக்கு இறங்கியதும் ஒரு காரணம். பெரிய காரணம் ரூபாவின் வீழ்ச்சி: டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனது. தேயிலைக்கு வரும் காசு டொலரில், சம்பளம் ரூபாவில். அந்த ஆண்டின் இலாபத்தை எடுத்து, இந்தப் பங்கு தன் இலாபத்தின் இரண்டு மூன்று மடங்கு விலைக்கே கிடைக்கிறது என்று வாங்கியவர், சம்பளமும் உரமும் மின்சாரமும் பின்னால் ஏறி வரும் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. ஊவாவுக்கு இதைவிடச் சின்ன அளவில் ஒவ்வொரு வருடமும் இந்தப் பாடம் நடக்கிறது. யூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் அடிக்கும் வரட்சியில்தான் ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் பெற்ற மணம் ஏறுகிறது, ஏலத்தில் விலை கூடுகிறது. அந்தக் காலாண்டுக் கணக்கை நான்கால் பெருக்கி ஆண்டு இலாபம் என்று தோட்டத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். சந்தையில் சொல்கிறார்கள்.

பஃபெட் கதையிலேயே இதற்கு ஒத்த ஒன்று உண்டு. சொத்து மதிப்பைவிடக் குறைந்த விலைக்குக் கிடைத்தது என்று 1962 முதல் அவர் வாங்கிய நெசவாலைதான் பெர்க்‌ஷயர் ஹாத்தவே. 1965இல் அதன் கட்டுப்பாடு அவர் கைக்கு வந்தது. இருபது வருடம் அதில் பணம் போட்டும் இயந்திரம் மாற்றியும் பார்த்து, 1985இல் ஆலையை மூடினார். இன்று அந்தப் பெயர் பெரும் செல்வத்தைக் குறிக்கிறது. ஆனால் அந்தச் செல்வம் நெசவில் வரவில்லை, காப்புறுதியும் வேறு தொழில்களும் கொண்டுவந்தது. மலிவாகக் கிடைத்த ஆலை கடைசிவரை மலிவான ஆலையாகவே இருந்தது. நிறையச் சொத்து வைத்துக்கொண்டு குறைவாகச் சம்பாதிக்கும் தொழில் எதற்கும் இந்தக் கதி உண்டு.

இதனால் எல்லாத் தோட்டப் பங்குகளும் குப்பை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கடன் குறைவாக உள்ள கம்பெனியும் இருக்கிறது, வட்டிக்கே உழைக்கும் கம்பெனியும் இருக்கிறது. தாழ்நாட்டில் இறப்பரும் எண்ணெய்ப் பனையும் வைத்திருப்பவற்றின் நிலை வேறு, மலைநாட்டுத் தேயிலையை மட்டும் நம்பியவற்றின் நிலை வேறு. பிரித்துப் பார்க்கும் வேலையை விலைப் பட்டியல் செய்து தராது.

பதினான்கு நாள் கணக்கு

ஒரு கம்பெனியின் கடன் பட்டியலில் வங்கிக் கடனுக்குக் கீழே ஒரு வரி வரும்: ஓய்வுகாலப் பணிக்கொடைக் கடப்பாடு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடம் முடித்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஒவ்வொரு வருடச் சேவைக்கும் 14 நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். கணக்கிடுவது கடைசியாகப் பெற்ற சம்பளத்தில். முப்பது வருடம் வேலை செய்தவருக்கு 420 நாள். நாட்சம்பளம் 1,000 ரூபாவாக இருந்தபோது அது 4,20,000 ரூபா. 2024 செப்டெம்பரில் 1,350 ஆனபோது 5,67,000 ரூபா. முப்பது வருடமும் பழைய சம்பளத்தில் கழிந்திருந்தாலும் முழுத் தொகையும் புதுச் சம்பளத்தில் மதிப்பிடப்படுகிறது. 5,000 தொழிலாளர், சராசரி 15 வருடச் சேவை என்று எடுத்தால், 350 ரூபா சம்பள உயர்வு கம்பெனியின் கடனில் ஏறத்தாழ 37 கோடியைக் கூட்டும். முதலீட்டாளர் பலர் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்டிப் போகக் கூடாத வரி இது.

இப்போது இதை மறுபக்கத்திலிருந்து பாருங்கள். கம்பெனிக்கு அது கடன் என்றால், தொழிலாளிக்கு அது வரவேண்டிய பணம். அதாவது, ஒவ்வொரு தொழிலாளியும் தன் கம்பெனிக்குச் சில லட்சம் ரூபா கடன் கொடுத்திருக்கிறார். எழுத்து இல்லை, ஈடு இல்லை, வட்டி இல்லை. பொதுவாக இந்தப் பணத்துக்கென்று வெளியே தனி நிதி ஒதுக்கப்படுவதும் இல்லை. கம்பெனி நன்றாக இருந்தால் உரிய நேரத்தில் கிடைக்கும், காசு முடங்கினால் இழுபடும். வங்கி ஒரு கோடி கொடுக்கும்முன் ஐந்து வருடக் கணக்கைக் கேட்டு, சொத்தை ஈடாக எழுதி வாங்குகிறது. அதைவிடப் பெரிய தொகையைச் சேர்ந்து கொடுத்து வைத்திருக்கும் சனம் கம்பெனியின் கணக்கைக் கண்ணால் பார்த்ததில்லை. சம்பளப் பேச்சுவார்த்தையில் எத்தனையோ முறை மேசையில் தட்டியிருக்கிறோம், இந்தக் கணக்கை மேசையில் வைக்கச் சொல்லிக் கேட்டது குறைவு.

இதோடு இன்னொன்று. 1990களின் நடுப்பகுதியில் கம்பெனிகள் தனியார்மயமானபோது 51 சதவீதப் பங்கு முகாமை நிறுவனங்களுக்கு விற்கப்பட்டது, 20 சதவீதம் பங்குச் சந்தை வழியாகப் பொதுமக்களுக்குப் போனது, 10 சதவீதம் ஊழியர்களுக்கு இலவசமாக வழங்கப்பட்டது. கடன் கொடுத்தவராகவும் பங்குதாரராகவும், மலையில் நிற்பவர் இரண்டு வழியில் முதலீட்டாளர். மூன்றாவது வழி சேமலாப நிதி.

▪ பெட்டிச் செய்தி: ஒரு தொழிலாளியின் பெயரில் மாதம் எவ்வளவு?
நாட்சம்பளம் 1,350 ரூபா, மாதம் 25 பேர், அதாவது 25 நாள் வேலை, என்று வைத்தால் சம்பளம் 33,750 ரூபா. சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் 8 சதவீதம் 2,700 ரூபா, கம்பெனியின் 12 சதவீதம் 4,050 ரூபா, மொத்தம் 6,750. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குக் கம்பெனி தனியாக 3 சதவீதம், ஏறத்தாழ 1,012 ரூபா. பணிக்கொடைக்காக மாதம் ஒன்றுக்கு ஒரு நாளுக்குச் சற்று மேற்பட்ட சம்பளம் சேர்கிறது. சேமலாப நிதியைக் கம்பெனி தாமதித்துக் கட்டினால் 5 சதவீதம் முதல் மிகைவரி உண்டு; தாமதம் 12 மாதத்தைத் தாண்டினால் அது 50 சதவீதம்.

ஒரு சதவீதத்தின் எடை

மாதம் 6,750 ரூபா முப்பது வருடம் சேர்கிறது, சம்பளம் உயரவே இல்லை என்று மிகக் குறைவாகவே கணக்கிடுவோம். வருடம் 8 சதவீத வட்டி, மாதாமாதம் கூட்டினால் முடிவில் ஏறத்தாழ ஒரு கோடி. 9 சதவீதமானால் ஒரு கோடியே 23 லட்சம். ஒரே ஒரு சதவீதம் 23 லட்சம் ரூபாவாகிறது. லயத்தில் வாழும் குடும்பத்துக்கு வீடும் நிலமும் தன் பெயரில் இல்லை. 7 பேர்ச், 10 பேர்ச் காணியும் தனி வீடும் எல்லோருக்கும் வந்து சேரவில்லை. நகரத்தில் ஒருவருக்கு வீடே பெரிய சேமிப்பு. இங்கே சேமலாப நிதியும் பணிக்கொடையும்தான் கிட்டத்தட்ட முழுச் சொத்து. அந்தச் சொத்தை யாரோ முதலீடு செய்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள் என்பது லயத்துக்கு எட்டுவதில்லை.

போருக்குப் பிந்திய வருடங்களில் இந்த நிதிக்கு நடந்தவற்றைக் கிரகாமின் விதிகளோடு வைத்துப் பார்க்கலாம். 2009இல் போர் முடிந்த பிறகு பங்குச் சந்தை கொதித்த நாட்களில் நிதியின் பணம் உச்ச விலையில் பங்குகளுக்குள் போனது, பின்னர் நாடாளுமன்றக் குழு வரை கேள்வி எழுந்தது. சந்தையின் மனநிலைக்கு விலை கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் வேண்டாம். நிதியும் இழுபட்ட 2015 மத்திய வங்கிப் பிணைமுறி விவகாரம் ஆணைக்குழு விசாரணை வரை போனது. 2022 ஏப்ரல் 12இல் அரசு வெளிக் கடனைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்தியது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 சதவீதம், அவ்வாண்டுக்கு நிதி கொடுத்த வட்டி 9 சதவீதம். 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் நிதியின் பத்திரங்கள் மாற்றப்பட்டன: 2025 வரை 12 சதவீதம், அதன்பின் முதிர்வு வரை 9 சதவீதம். திறைசேரி உண்டியலின் வட்டி 30 சதவீதத்தைத் தாண்டியிருந்த காலம் அதற்குச் சற்று முன்புதான். அரசாங்கப் பத்திரத்தில் காசு தொலையாது என்பது உண்மை. காசு தொலையாமலே அதன் வாங்கும் சக்தி பாதியாகலாம் என்பதும் உண்மை. இதற்குத் தீர்வு நிதியைப் பங்குகளில் கொட்டுவது என்று நான் சொல்லவில்லை. பத்திரமோ பங்கோ, வாங்கும் நாளில் விலை மதிப்புக்குக் கீழே இருந்ததா, யார் முடிவெடுத்தார்கள், ஏன் என்று கேட்டுப் பதில் பெறும் உரிமை உறுப்பினர்களுக்கு நடைமுறையில் கிடைக்க வேண்டும் என்கிறேன்.

சங்கிலி, சீட்டு, 'மாதம் பத்து வீதம்'

தங்கத்தைக் கைவிடச் சொன்னால் தோட்டத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். கேட்காததற்கு நியாயமும் உண்டு. 2019இல் ஒரு பவுன் ஒரு லட்சத்துக்குள் கிடைத்தது. 2025இல் மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. ரூபா விழுந்தபோது வங்கிக் கணக்குக் காப்பாற்றாத குடும்பங்களைச் சங்கிலி காப்பாற்றியது. ஆனால் தங்கம் எதையும் விளைவிப்பதில்லை. பவுன் முப்பது வருடம் பெட்டியில் கிடந்தாலும் எட்டுக் கிராம்தான், செய்கூலியும் சேதாரமும் வாங்கும் நாளிலேயே போய்விடுகிறது. அடகில் வைத்துவிட்டால் அதுவே செலவு வைக்கும் பொருளாகிவிடும். அடகு வட்டி வருடம் 15 சதவீதம் என்று வைத்தால், ஒரு லட்சத்தை மீட்பது 15 சதவீதம் நிச்சயமாகச் சம்பாதித்துத் தரும் முதலீட்டுக்குச் சமம். நாட்டில் எந்தப் பங்கும் அந்த நிச்சயத்தைத் தராது. மதிப்பு முதலீட்டின் முதல் படி அடகுக் கண்ணாடிக்கு முன்னாலேயே தொடங்குகிறது என்று நான் நினைப்பது இதனால்தான்.

சீட்டு வேறு வகை. தெரிந்த பத்துப் பேர், பெரட்டில் தினமும் பார்க்கும் முகங்கள். யார் ஓடிப்போவார், யார் கட்டுவார் என்பது தெரியும். தனக்குத் தெரிந்த வட்டத்துக்குள் நில் என்று பஃபெட் சொல்வதை நம் பெண்கள் எப்போதோ கடைப்பிடிக்கிறார்கள். அந்த வட்டத்தை விட்டு வெளியே வரும்போதுதான் ஆபத்து. 'மாதம் பத்து வீதம், ஆள் சேர்த்தால் இன்னும் கூட' என்று வட்ஸ்அப்பில் வரும் திட்டங்களைக் கேள்விப்படாத தோட்டம் இன்று இல்லை. பிரமிட் திட்டங்கள் வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின் கீழ் குற்றம். ஆனால் சட்டத்தைவிட ஒரு கேள்வி வேகமாகக் காப்பாற்றும்: இந்தப் பத்து வீதம் எந்தத் தொழிலில் சம்பாதிக்கப்படுகிறது? பதிலில் தொழில் எதுவும் இல்லாமல் புதிதாகச் சேரும் ஆட்கள் மட்டும் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். 2008இல் கோல்டன் கீ நிறுவனம் விழுந்தபோது ஏமாந்தவர்கள் படித்தவர்கள், கொழும்பு வாசிகள். ஆகவே இது தோட்டத்து அறியாமை என்று யாரும் சொல்ல முடியாது. அனுமதி பெற்ற வங்கியிலும் நிதிக் கம்பெனியிலும் ஒருவருக்கு 11 லட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதி உண்டு, வேறெங்கும் இல்லை என்பதையும் நினைவில் வைக்கலாம்.

மறுப்புகள்

தோட்டத்து நாட்சம்பளத்தில் மிச்சம் எங்கே, முதலீடு எங்கே என்பது முதல் மறுப்பு. நூற்றுக்கு நூறு நியாயம். 2026 வரவு செலவுத் திட்டம் முன்மொழிந்த 1,550ம் வருகைக்கான 200ம் சேர்ந்தாலும் அரிசி, மா, பிள்ளைகளின் பஸ் காசுக்குப் பிறகு மிஞ்சுவது சொற்பம். அதனால்தான் இந்தக் கட்டுரை யாரையும் பங்கு வாங்கச் சொல்லவில்லை. கையில் மிஞ்சாத குடும்பத்தின் பெயரிலும் மாதம் எட்டாயிரம், ஒன்பதாயிரம் ரூபா முதலீடாகிக்கொண்டிருக்கிறது. அதைக் கண்காணிப்பதற்குக் காசு வேண்டாம்.

கொழும்புச் சந்தை சூதாட்டம், சிலர் கையில் ஆடும் பொம்மை என்பது இரண்டாவது. ஆட்டம் நடந்தது உண்மை. 2022 ஜனவரியில் 13,000ஐத் தாண்டியிருந்த அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் ஏப்ரல் முடிவில் 8,000க்குக் கீழே கிடந்தது, இடையில் சந்தை ஐந்து நாள் மூடியே இருந்தது. கடன் வாங்கிப் பங்கு வாங்கியவர்கள் விற்று வெளியேற வேண்டி வந்தது. கடன் இல்லாமல், ஐந்து வருடத்துக்குத் தேவைப்படாத காசில், நல்ல கம்பெனியை வைத்திருந்தவர் 2024 முடிவில் அதே சுட்டெண் 15,900ஐத் தாண்டியதைப் பார்த்தார். பங்குகள் ஒன்றாகவே இருந்தன; வைத்திருந்தவர்களின் நிலைமைதான் வேறு. சூதாட்டம் என்ற பயம் கடன் வாங்கி இறங்குவோருக்கு மிகப் பொருத்தமான பயம். அதில் யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

மூன்றாவது மறுப்புத்தான் கனமானது. தொழிலாளியைச் சுரண்டிக் கிடைக்கும் இலாபத்தில் தொழிலாளியையே பங்கு கேட்கச் சொல்வது எந்த நியாயம்? லிப்டனின் கணக்கில் இருந்த அந்த வரிக்கு இங்கே வருகிறோம். மலிவான உழைப்பை நிரந்தரம் என்று எடுத்து மதிப்பிடப்பட்ட தோட்டத்துக்குப் பாதுகாப்பு இடைவெளி கிடையாது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக 1,000 ரூபா வந்தது. 2024இல் 1,700 என்று வர்த்தமானி வந்து, கம்பெனிகள் நீதிமன்றம் போய், கடைசியில் 1,350இல் நின்றது. ஒவ்வொரு முறையும் கணக்கு உடைந்தது. காரணம், முந்தைய இலாபத்தின் ஒரு பகுதி கொடுக்கப்படாத சம்பளமாக இருந்ததுதான். நேர்மையான மதிப்பீடு ஒரு குடும்பம் வாழக்கூடிய சம்பளத்தைச் செலவில் எழுதிவிட்டு மிச்சத்தைப் பார்க்கும். மிச்சம் இல்லாவிட்டால் அது தொழிலின் குறை, அதை ஈடுகட்டுவது லயத்தின் கடமையாகாது. கம்பெனிகள் முன்வைக்கும் வருமானப் பகிர்வு முறையையும் இந்தக் கண்ணாலேயே பார்க்க வேண்டும். தொழிலாளிக்கு ஒரு துண்டு மலையைக் கொடுத்து, கொழுந்துக்குக் காசு என்கிறார்கள். நல்ல புதுத் தேயிலை மலையா, தூர் செத்த பழைய மலையா? கொழுந்து விலையை நிர்ணயிப்பது யார்? கெட்ட பருவத்தின் நட்டம் யார் தலையில்? சேமலாப நிதியும் பணிக்கொடையும் தொடருமா? மதிப்புக் கணக்குத் தெரியாமல் கையெழுத்திட்டால், முதலாளியின் நட்டத்தில் மட்டும் பங்காளியாகலாம்.

ஒரே ஒரு பங்கு

2007ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் கீழ், ஒரு பங்கு வைத்திருப்பவரும் பங்குதாரர்தான். ஆண்டறிக்கையைப் பெறலாம், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் உட்காரலாம், எழுந்து கேள்வி கேட்கலாம். பதுளை மாவட்டத்தில் தோட்டம் வைத்திருக்கும் பட்டியல் கம்பெனிகளை, மடுல்சீமை, பலாங்கொடை, தம்பேதன்னையை இன்று நடத்தும் அகரபத்தனை ஆகியவற்றை எடுத்துக்கொண்டால், ஒவ்வொன்றிலும் ஒரு பங்கு வாங்க ஒரு தொழிற்சங்கக் கிளைக்கு ஒரு மாதச் சந்தாவே அதிகம். 2020 முதல் கைபேசியிலேயே பங்குக் கணக்கைத் திறக்கலாம். ஆண்டறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும், நூறு பக்கத்தைத் தாண்டும். லயத்துப் பிள்ளைகளில் கணக்கியல் படித்தவர்கள் இன்று பண்டாரவளையிலும் பதுளையிலும் கொழும்பிலும் நிறையவே இருக்கிறார்கள். அவர்களில் இருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் தேவையான பக்கங்களைத் தமிழில் எழுதிக் கொடுத்துவிடலாம்: இலாபத்தில் மரத்தின் பங்கு எவ்வளவு, காசாக வந்தது எவ்வளவு, இந்த வருடம் மீள்நடுகை செய்தது எத்தனை ஹெக்டேயர், பணிக்கொடையில் கொடுக்காமல் நிலுவையில் கிடப்பது எத்தனை கோடி, முகாமை நிறுவனத்துக்கு முகாமைக் கட்டணமாகப் போனது எவ்வளவு. அடுத்த சம்பளப் பேச்சுக்குப் போகும் பிரதிநிதியின் கோப்பில் அந்தத் தாள்கள் இருந்தால், கம்பெனி கட்டுப்படியாகாது என்று சொல்லும்போது எந்தப் பக்கத்தில், எந்த வரியில் என்று கேட்க முடியும்.